மீதிப் பாதை வருமட்டும்

தூரத்துக் கணினியில் இருக்கிற கோப்பு ஒன்றை, கைக்கெட்டிய தூரத்தில் இருக்கிற கோப்புப்போலத் திறந்து திருத்திக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். சொல்லும்போது ஒரு மூச்சில் முடிந்துவிடும், செய்யும்போதுதான் மூச்சு வாங்கும்.

நெல்லியடிச் சந்தைக்குக் கிட்ட, இரும்புச் சாமான் கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் கந்தோர். மூர்த்தி அண்ணை முதலாளி. பக்கத்து மேசையில் தர்சினி. நான் சுகந்தி, இங்கே எனக்கு இது பதினோராவது வருடம். கடைக்காரர், மண்டபக்காரர், தோட்டக்காரர் என்று ஊரில் உள்ளவர்களின் இணையத்தளங்களைப் பார்த்துக்கொள்கிறோம். அந்தத் தளங்கள் எல்லாம் குடியிருக்கிற சேர்வர் ஜேர்மனியில். நாங்கள் இங்கே எடிட்டரைத் திறந்து, அங்கே இருக்கிற கோப்புக்குப் போகும் பாதையை எழுத வேண்டும். எந்த இயந்திரம், அதற்குள் எந்தக் கோப்புறை, அதற்குள் எந்தக் கோப்பு என்று முழுவதையும் எழுதினால் விரல் தேய்ந்துவிடும். அதற்காகத்தான் விசைப்பலகையின் இடது ஓரத்தில் டாப் (Tab) விசை இருக்கிறது. இரண்டு எழுத்துப் போட்டு அதைத் தட்டினால் மீதியை எடிட்டரே நிரப்பித் தரும். சொந்தக் கணினியில் என்றால் கண் இமைப்பதற்குள் நிரப்பும். தூரத்து இயந்திரம் என்றால் ஜேர்மனிக்குப் போய்க் கேட்டு வர வேண்டும், அதற்குள் தேத்தண்ணி ஆறிவிடும். இந்த விசையைத் தட்டிவிட்டுத் திரையைப் பார்த்தபடியே ஆயுளில் பாதியைக் கழித்தவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கலாம், குற்றமில்லை.

எங்கள் கந்தோரில் இதையெல்லாம் ஒழுங்குபடுத்தியவர் நிமலன். என் வீட்டுக்காரர். கலியாணம் முடிந்து ஏழாம் மாதம் படிக்கவென்று நோர்வேக்குப் போனார். இரண்டு வருடமாகிறது. படிப்புக்கு நடுவே காலையில் கொஞ்ச நேரம் எங்கள் சேர்வரையும் அங்கிருந்தபடி பார்த்துவந்தார். நான் அங்கே போவதற்குப் போட்ட விண்ணப்பம் ஒருமுறை போய்த் திரும்பி வந்துவிட்டது. ஆகவே கீழே நான் எந்தக் கோப்புக்குக் காத்திருந்தாலும், கூடவே இன்னொன்றுக்கும் காத்திருந்தேன் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

வள்ளம் தள்ளாத பெட்டி

பருத்தித்துறையில் வள்ள இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் விற்கிற செல்வராசா அண்ணை ஒருநாள் நேரிலேயே படியேறி வந்தார். தளத்தில் தொலைபேசி இலக்கம் பழசு, புதுசு போட வேண்டும். பத்து எண்ணைத் தூக்கிவிட்டு வேறு பத்து எண் வைக்கிற வேலை. "ஒரு நிமிசம் இருங்கோ அண்ணை" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இரண்டு எழுத்துப் போட்டேன், டாப்பைத் தட்டினேன். எடிட்டர் அப்படியே உறைந்துவிட்டது. எழுதினால் எழுத்து விழவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. இந்த நேரத்தில் பொறுமையிழந்து இன்னும் நாலு தரம் தட்டுகிறவர்கள் உண்டு. தட்டாதீர்கள். அது எல்லாவற்றையும் கணக்கு வைத்திருந்து, முழித்துக்கொண்டதும் ஒரேயடியாகத் திருப்பித் தரும்.

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நல்ல பிள்ளையாக இருந்தேன். செல்வராசா அண்ணை தேத்தண்ணி குடித்தார். கீழே கடைக்குப் போய் இரண்டு பூட்டு வாங்கினார். சந்தைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கினார். திரும்பி வந்து என் தோளுக்கு மேலால் எட்டித் திரையைப் பார்த்தார். "பிள்ளை, இந்த நேரத்துக்கு எங்கடை பெடியள் வலையை இழுத்துக்கொண்டு கரைக்கு வந்திருப்பாங்கள், உம்மடை பெட்டி இன்னும் வள்ளத்தையே தள்ளேல்லை."

கெதியாக வந்தால் சந்தேகப்படு

சண்டிலிப்பாய் நடராசா அண்ணைக்குத் தோட்டம். கொழும்புக் கடைகளுக்கு நேரே மரக்கறி அனுப்புகிறவர். கரட் முடிந்துவிட்டது, பீற்றூட் கிண்டத் தொடங்கிவிட்டார், தளத்தில் மாற்றிவிடச் சொன்னார். பாதையை எழுதித் தட்டினேன். அன்றைக்கு மீதிப் பாதை பட்டென்று வந்து விழுந்தது. சந்தோசத்தில் கரட்டை எடுத்தேன், பீற்றூட்டைப் போட்டேன், சேமித்தேன், மறந்துவிட்டேன்.

மூன்று நாளாகக் கொழும்பிலிருந்து கரட் கேட்டபடியே இருந்திருக்கிறார்கள். நானோ போனில் "பக்கத்தைப் புதுப்பிச்சுப் பாருங்கோ" என்று அவருக்கே பாடம் எடுத்தேன். நாலாம் நாள் பஸ் ஏறி, ஒரு பை பீற்றூட்டோடு வந்துவிட்டார். என் திரையில் காட்டினேன், பீற்றூட் இருந்தது. அவர் தன் போனில் காட்டினார், கரட் இருந்தது. அப்போதுதான் உறைத்தது. பாதையின் தொடக்கத்தில் ஜேர்மனி இயந்திரத்தின் பெயரைப் போட மறந்திருக்கிறேன். சேர்வரில் உள்ள கோப்புறைகளின் பிரதி ஒன்று என் கணினியிலும் அதே பெயர்களோடு இருக்கிறது, எடிட்டர் அதைத்தான் நிரப்பித் தந்திருக்கிறது. அவ்வளவு கெதியாக வந்ததுமே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நடராசா அண்ணை கோபிக்கவில்லை. பையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இந்த மூண்டு நாளும் நான் உம்மடை கொம்பியூட்டருக்குத்தான் பீற்றூட் வித்திருக்கிறன்."

தகப்பன் பெயரில் நிற்கும்

சேர்வரில் வேலை செய்கிற ஒவ்வொருவருக்கும் ஒரு கோப்புறை உண்டு. பெரிய வேலை என்றால் முதலில் அங்கே வைத்துத்தான் திருத்திப் பார்ப்போம், சரியென்றால் பிறகு தளத்துக்கு ஏற்றுவோம். மூர்த்தி அண்ணை இதைத் தொடங்கியபோது, எங்கள் ஊரில் படிவம் நிரப்புகிற வழக்கப்படி தகப்பன் பெயரை முன்னுக்குப் போட்டார். லண்டனில் ஒரு தம்பி, கனடாவில் ஒரு தம்பி, இரண்டு பேரும் தொழிலில் கூட்டு. மூன்று கோப்புறையும் 'ஆறுமுகம்' என்றுதான் தொடங்கும். தட்டினால் எடிட்டர் ஆறுமுகம் வரைக்கும் ஓடிவந்து நிற்கும். எந்த மகன் என்று நாங்கள்தான் சொல்ல வேண்டும். கூட்டு இருந்தும் சகோதரர்கள் மூவரும் ஒருவரோடு ஒருவர் கதைத்து வருடக்கணக்காகிறது. அப்படி அது நிற்கிற ஒவ்வொரு முறையும் மூர்த்தி அண்ணை கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஒருநாள் வாய்விட்டே சொன்னார், "ஐயா செத்தும் எங்களை ஒரே வாசல்லை நிப்பாட்டி வைச்சிருக்கிறார்" என்று.

கலியாணத்துக்குப் பிறகு என் கோப்புறைக்கும் பெயர் மாறியது. தகப்பன் பெயர் போய் வீட்டுக்காரர் பெயர் முன்னுக்கு வந்தது. அவருடையது, தானே அமைத்ததால், தகப்பன் பெயர் இல்லாமல் வெறும் 'நிமலன்', என்னுடையது 'நிமலன்-சுகந்தி'. என், ஐ என்று இரண்டு ஆங்கில எழுத்துப் போட்டுத் தட்டினால் 'நிமலன்' என்று வந்து நிற்கும். கீழே ஒரு சின்ன வரி காட்டும்: பெயர் முழுமைதான், ஆனால் இது ஒன்று மட்டும் இல்லை. அதே தொடக்கத்தில் இன்னொரு பெயரும் உண்டு என்று அர்த்தம். பிறகு நான் ஒரு கோடு போட்டு இன்னொரு தரம் தட்ட வேண்டும், அப்போதுதான் என் பெயர் வரும். எனக்கு எரிச்சல். அவர் வெளிநாடு போக முன்னம், கந்தோரில் எதிர் மேசையில் இருந்த காலத்தில், இதைச் சொல்லிச் சண்டை பிடித்தேன். என் கோப்புறைக்கு வேறு பெயர் வையுங்கோ, வீணாக ஒவ்வொரு தரமும் ஒரு தட்டு அதிகம் என்றேன். அவர் திரையிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: "ஒரு நாளைக்கு நாப்பது தரம் என்ரை பேரிலை நிண்டு போறதிலை உமக்கென்னப்பா நட்டம்?"

மண்டபத்தில் ஒருவரும் மெலிவதில்லை

அவர் நோர்வேக்குப் போன பிறகு நாங்கள் போனில் அதிகம் கதைப்பதில்லை. கதைத்தால் எனக்கு அழுகை வரும், மாமி, அவருடைய அம்மா, பக்கத்தில் நிற்பா. அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். கோப்புக்குள் ஒரு வரியின் தொடக்கத்தில் வேலி மாதிரி ஒரு குறி (#) போட்டால், இயந்திரம் அந்த வரியை வாசிக்காமல் தாண்டிப் போய்விடும். அது மனிதர் மனிதருக்கு எழுதுகிற வரி. அவருடைய கோப்புறையில் 'குறிப்பு' என்று ஒரு கோப்பு இருந்தது. சேர்வரில் என்ன மாற்றினேன் என்று எனக்கு எழுதி வைப்பார். அதற்குக் கீழே நாங்கள் வேலிக்குறி போட்டு எழுதத் தொடங்கினோம். 'மழை. குடையை மறந்திட்டன்' என்று அவர். 'இஞ்சை கிணத்திலை தண்ணி நல்லா ஏறியிருக்கு' என்று நான். வாசிக்கிறவர்களுக்கு அதில் ஒன்றுமில்லை. எனக்கு அதுதான் அன்றைய சாப்பாடு.

எடிட்டரில் ஒரு பழக்கம், கடைசியாகத் திறந்த கோப்பு எங்கே இருந்ததோ அங்கிருந்துதான் அடுத்த பாதையைத் தொடங்கித் தரும். ஒருநாள் கலியாண மண்டபம் ஒன்றின் வேலையை முடித்த கையோடு, அவருக்கு எழுதவென்று, பாதையைக் கவனியாமல், இரண்டு எழுத்துப் போட்டுத் தட்டினேன். மண்டபத்தின் கோப்புறையிலும் 'குறிப்புகள்' என்று ஒன்று இருந்திருக்கிறது. விருந்தினருக்கான அறிவித்தல்: வாகனம் எங்கே நிறுத்துவது, செருப்பை எங்கே கழற்றுவது. நான் ஆகக் கீழே போய் எழுதிச் சேமித்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் வேலிக்குறி செல்லாது, எழுதியது எழுதியபடியே உலகத்துக்குத் தெரியும். மண்டபத்து முதலாளி போன் எடுத்து, நான் எழுதியதை எனக்கே வாசித்துக் காட்டினார்: 'கனவிலை வந்தியள். ஏன் இப்பிடி மெலிஞ்சு போனியள்? நேரத்துக்குச் சாப்பிடுங்கோ.' எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "பிள்ளை, எங்கடை மண்டபத்திலை ஒருத்தரும் மெலியிறேல்லை, சாப்பாடு அப்பிடி, உந்த வரியை ஒருக்கா எடுத்துவிடும்."

மதியம் ஒன்றரை

இங்கே மதியச் சாப்பாட்டு நேரம் என்றால் நோர்வேயில் காலை. நிமலன் சேர்வருக்குள் வருகிற நேரம் அது. யாராவது ஒரு கோப்பைத் திறந்து எழுதத் தொடங்கினால் அதற்குப் பக்கத்தில் ஒரு சின்ன அடையாளக் கோப்பு முளைக்கும், ஆள் உள்ளே இருக்கிறார் என்று மற்றவர்களுக்குத் தெரிய. டாப்பை இரண்டு தரம் தட்டினால் வருகிற பட்டியலில் அதுவும் தெரியும். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, இடது கையால் அவருடைய கோப்புறைக்குப் போய் இரண்டு தட்டுத் தட்டுவேன். அடையாளம் இருந்தால் பிறகுதான் சோற்றில் கை வைப்பேன்.

ஒருநாள் அது பின்னேரம் வரைக்கும் இருந்தது. தட்டத் தட்ட இருந்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசத்தைச் சொல்லத் தெரியவில்லை. நான் ஒன்றும் எழுதவில்லை, அவருக்கு வேலை கெட்டுவிடக்கூடாது. ஒரே வீட்டில் ஆளுக்கொரு வேலையாக இருக்கிறோம் என்ற நினைப்பு. அதற்கு நான் எவ்வளவு ஏங்கிப்போயிருந்தேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. பின்னேரம் வீட்டுக்குப் போய் அவருக்குப் போன் எடுத்து, "இண்டைக்கு என்ன அவ்வளவு நேரம் இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். காலையில் எட்டிப் பார்த்துவிட்டுக் காய்ச்சலில் போய்ப் படுத்துவிட்டாராம். எங்கள் எடிட்டர் தூரத்துக்கு ஒவ்வொரு தரமும் போய்க் கேட்காது. ஒருமுறை கேட்டு வந்த பட்டியலை மனதில் வைத்திருந்து அதையே திருப்பித் திருப்பிக் காட்டும். எனக்கு அது தெரியும். பதினோரு வருடமாகத் தெரியும். அன்றைக்கு மட்டும் தெரியாமல் போய்விட்டது. அவர் இருமிக்கொண்டு கேட்டார்: "நான் பத்து நிமிசம்தான் இருந்தனான் அப்பா, மிச்ச நேரம் நீர் ஆரோடை இருந்தனீர்?"

அவர் எழுதிய சட்டம்

படிப்பு முடிந்தது. என்னைக் கூப்பிட அவருக்கு முழுநேர வேலைக் கடிதம் வேண்டும், முதல் விண்ணப்பம் திரும்பி வந்ததுகூட அது இல்லாததால்தான். கிடைத்த வேலை மீன் பதனிடுகிற இடத்தில். விடியப் போனால் பின்னேரம்வரை கையில் கத்தி, தலையில் வலைத்தொப்பி. சேர்வருக்குள் எட்டிப் பார்க்கவும் நேரமில்லை. எங்கள் வேலையை விட்டார். நான் போவதற்காகத்தான் விட்டார். எனக்கு அது நன்றாகவே விளங்கியது, விளங்கியதால் ஒரு சொட்டும் ஆறுதல் வரவில்லை.

வேலையை விட்டவரின் கோப்புறையை ஒரு கிழமைக்குள், அதாவது ஏழு நாளில், சேர்வரிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது கந்தோர்ச் சட்டம். பாதுகாப்புக்காக. எழுதியவர் நிமலன். தனக்கென்று அதை மாற்றக்கூடாது என்று அவரே சொல்லிவிட்டார். 'குறிப்பு' கோப்பை என் கோப்புறைக்குப் பிரதி எடுத்தேன். அதில் அவருடைய கடைசி வரி, 'கடிதம் கிடைச்சிட்டுது. விண்ணப்பம் திரும்பப் போட்டிருக்கிறன்.' அழிக்கிற வேலையை மூர்த்தி அண்ணையைச் செய்யச் சொல்லிக் கேட்டேன். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "நான் அழிச்சால் நீ என்னோடை கோவிப்பாய் பிள்ளை, நீயே அழி, கோவிக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லாமல் இருக்கட்டும்."

பெயருக்கு விளக்கு

அழித்தேன். அடுத்த நாள் என் கோப்புறைக்குப் போகப் பழக்கத்தில் இரண்டு எழுத்துப் போட்டுத் தட்டினேன். 'நிமலன்' என்று வந்து நின்றது. பெயர் முழுமைதான், ஆனால் இது ஒன்று மட்டும் இல்லை.

பழைய பட்டியலை மனதில் வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டளை கொடுத்தால் மறந்துவிடும். வேறு யாருடைய பெயராக இருந்தாலும் கொடுத்திருப்பேன். நான் எடிட்டரை மூடவே இல்லை. கணினியை நிறுத்தாமல் வீட்டுக்குப் போவேன், வந்து அதே எடிட்டரில் தொடங்குவேன். மூன்று கிழமை இப்படி. ஒரு நாளைக்கு நாற்பது தரம் அந்தப் பெயரில் நின்று, கோடு போட்டு, என் பெயருக்குப் போவேன். அந்த மேலதிகத் தட்டுக்காக ஒருகாலத்தில் நான் சண்டை பிடித்ததை நினைத்தால் எனக்கே சிரிப்பு. தர்சினி ஒருநாள் கண்டுபிடித்துவிட்டாள். முதலில் சிரித்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். "அக்கா, நிமலன் அண்ணை அங்கை உயிரோடை நிண்டு மீன் வெட்டுறார், நீங்கள் இஞ்சை அவரின்ரை பேருக்கு விளக்கு வைச்சுக்கொண்டிருக்கிறியள்."

கரண்ட் போன காலை

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நெல்லியடி முழுக்கக் கரண்ட் போனது. மேசைக்குக் கீழே மின்கலப் பெட்டி கீச்சிடத் தொடங்கியது. அது பத்து நிமிடம் தாங்கும். தர்சினி தன் கணினியை நிறுத்திவிட்டாள். மூர்த்தி அண்ணை தன்னுடையதையும் நிறுத்தினார். நான் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தபடி இருந்தேன், இப்போது சுற்றும், இப்போது சுற்றும் என்று. மூர்த்தி அண்ணை எழும்பி வந்து, தன் மின்கலப் பெட்டியைக் கழற்றி என் பெட்டியோடு மாட்டிவிட்டுப் போனார். அதுவும் பத்து நிமிடம் கீச்சிட்டு ஓய்ந்தது. திரை கறுத்தது.

மத்தியானம் கரண்ட் வந்தது. எடிட்டரைத் திறந்தேன். இரண்டு எழுத்துப் போட்டேன். தட்ட மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தேன். தட்டினேன். ஜேர்மனிக்குப் போய்க் கேட்டு வந்தது. எங்கும் நிற்காமல், ஒரே ஓட்டத்தில் 'நிமலன்-சுகந்தி' என்று வந்து விழுந்தது. கீழே சின்ன வரியில் எழுதியிருந்தது, இது ஒன்று மட்டும்தான் உண்டு.

இரவு அவர் வேலை முடிந்து போன் எடுத்தார். கை தண்ணீரில் ஊறி விறைத்திருக்கிறது என்றார். விண்ணப்பத்துக்கு இன்னும் பதில் இல்லை என்றார். நான் மாமி பக்கத்தில் நிற்பதையும் பாராமல் அழுதேன். இனி உங்கடை பேரிலை நிக்காதாம், நேரை என்னட்டை வந்திடுதாம் என்று, கட்டளை வரியையும் பட்டியலையும் போட்டுக் குழப்பி ஏதோ சொன்னேன். இந்தத் தொழில் தெரியாத ஆளுக்கு அது விளங்கியிருக்காது. அவருக்கு விளங்கியது. சொன்னார்: "அழாதையும் அப்பா, நல்லதுதானே, என்னை மட்டும் ஒருக்கா சேர்வருக்குள்ளை வர விட்டால், இனி ஒரே தட்டிலை உம்மட்டை வந்திடுவன்."

தூரத்துப் பாதை கெதியாக நிரம்புவதில்லை என்று பதினோரு வருடம் முறைப்பாடு சொன்ன எனக்கு, இப்போது நாளைக்கு நாற்பது தரமும் ஒரே தட்டில் நிரம்பிவிடுகிறது, நான்தான் இன்னும் ஒவ்வொரு தரமும் அந்தப் பழைய இடத்தில் கொஞ்சம் நின்று போகிறேன்.